கண்டதைத் தமிழில் சொல்லட்டும்

நூதனசாலைக்குப் போய்வந்த பிள்ளையிடம் "என்ன பார்த்தாய்?" என்று வீட்டில் கேட்டால், "நல்லாயிருந்தது" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. பிள்ளை கவனிக்கவில்லை என்பதல்ல காரணம். பார்த்ததும் கேட்டதும் டேனிஷ் மொழியில். அதைத் தமிழில் சொல்லச் சொற்கள் இல்லை. இளையோர் கோப்பன்ஹேகனுக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலா செல்லும்போது, பெற்றோரும் பொறுப்பாளரும் முதலில் சிந்திக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு நாளைக்கு மூன்று இடங்கள் போதும்.

முதலாவது தேசிய நூதனசாலை. அங்கே வெண்கலத்தாற் செய்த சூரிய ரதம் ஒன்று இருக்கிறது. வயது சுமார் 3400 ஆண்டுகள். 1902ஆம் ஆண்டு சீலன்ட் தீவில், துருண்ட்ஹோல்ம் என்னும் சதுப்பு நிலத்தை உழுதபோது கிடைத்தது. ஒரு குதிரை சூரிய வட்டத்தை இழுத்துச் செல்கிறது. வட்டத்தின் ஒரு பக்கத்தில் பொன் தகடு. மறுபக்கம் பொன்னில்லாத வெறும் வெண்கலம். பகலையும் இரவையும் குறிப்பதாக அறிஞர் கருதுகின்றனர். சூரிய பகவானின் ஏழு குதிரைத் தேரைப் பற்றி அம்மம்மாவிடம் கேட்ட பிள்ளை இங்கே கட்டாயம் நின்று பார்க்கும். இரண்டும் ஒன்று என்று சொல்ல வேண்டியதில்லை. சூரியன் எப்படி நகர்கிறது என்று இரு நாட்டு மனிதரும் வியந்தார்கள் என்பதே போதும்.

இரண்டாவது, நடந்தே போகக்கூடிய ருண்டெடோர்ன் என்னும் வட்டக் கோபுரம். நான்காம் கிறிஸ்தியான் அரசன் கட்டுவித்து 1642இல் முடிந்தது. உச்சியை அண்மிக்கும்வரை படிகள் இல்லை. சுற்றிச் சுற்றி ஏறும் 209 மீற்றர் சரிவுப் பாதை. இதே அரசன் அனுப்பிய கப்பல்கள்தான் 1620இல் திருகோணமலைக்கும் தரங்கம்பாடிக்கும் வந்தன. திருகோணமலையில் டேனியர் கோட்டை கட்டத் தொடங்கி விட்டுப்போயினர். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் பெற்ற தரங்கம்பாடியோ 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை டேனியக் குடியேற்றமாக இருந்தது.

பிற்காலத்தில் இக்கோபுரத்து வானாய்வு நிலையத்தில் பணியாற்றியவர் ஓலே ரோமர். 1676இல் பாரிசில் இருந்தபோது, வியாழனின் துணைக்கோளான அயோ மறைந்து தோன்றும் நேரங்களைக் கணக்கிட்டார். பூமி வியாழனுக்கு அருகே இருக்கையில் முந்தியும், தூரத்தில் இருக்கையில் பிந்தியும் அது தெரிந்தது. ஒளி வந்துசேரவும் நேரம் எடுக்கிறது என்று அதிலிருந்து கண்டார்.

மூன்றாவது, ஹெலரூப்பில் 1991இல் திறக்கப்பட்ட எக்ஸ்பெரிமென்டாரியம். "தொடாதே" என்ற பலகைக்கு அங்கே வேலையில்லை. தொட்டு, இயக்கி, பிழைவிட்டு, மறுபடி செய்து அறிய வேண்டிய இடம். அங்கே ஆறுதலாக இருக்கும் வேளையில் பொறுப்பாளர் ஒரு கதையைச் சொல்லலாம்.

மயிர்க்குழாய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1920இல் நோபல் பரிசு பெற்ற டேனியர் ஆகஸ்ட் குரோ. அவர் மனைவி மாரி ஒரு வைத்தியர். நீரிழிவு நோயாளியும் ஆவார். 1922இல் இருவரும் அமெரிக்கா சென்றிருந்தபோது, கனடாவின் டொரன்டோ நகரில் முந்திய ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட இன்சுலினைப் பற்றி விசாரித்து வரும்படி தூண்டியவர் அவரே. குரோ டொரன்டோ சென்று அனுமதி பெற்றுத் திரும்பினார். 1923இல் டென்மார்க் நோயாளருக்கு அந்த மருந்து கிடைத்தது.

வீட்டுக் குளிர்பெட்டியில் அப்பம்மாவின் ஊசிமருந்து இருக்கும் பிள்ளைக்கு இது அந்நியக் கதையல்ல. ஆனால் அதை அப்பம்மாவிடம் சொல்ல வேண்டுமே! நோயைப் பற்றி வைத்தியரிடம் பேசப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்வது சரியல்ல. அதற்கு உரியவர் வேறு. எனினும் வீட்டில் மூத்தோருடன் இருப்பது பேரப்பிள்ளையே. விரத நாளில் சாப்பிடாமல் வழக்கமான அளவு ஊசி போட்டால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஊசியை முற்றாக விட்டால் ஏறலாம். "வைத்தியரைக் கேட்டீர்களா, அப்பம்மா?" என்று காரணத்தோடு தமிழில் கேட்கத் தெரிந்த பிள்ளை அந்த வீட்டுக்கு ஒரு காவல்.

ஆகவே புறப்படுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துச் சொற்கள் எழுதிக் கொடுங்கள்: வெண்கலம், துணைக்கோள், கிரகணம், ஒளி, நாடித்துடிப்பு, மயிர்க்குழாய், சதையி, சுரப்பி, நீரிழிவு, பரிசோதனை. புகையிரதத்தில் திரும்பும்போது அவற்றைச் சேர்த்துப் பேசிப் பழகட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வழங்கியபின், ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் கொடுங்கள். கண்டதைத் தமிழில் சொல்லட்டும். சொல் தடுமாறினால் பெரியோர் எடுத்துக் கொடுக்கட்டும், சிரிக்க வேண்டாம். சொல்லி முடிந்ததும் கைதட்டுவதோடு நில்லாமல் ஒரு கேள்வியும் கேளுங்கள்.