பெட்டரி மௌத்தா? நாடி பிடிச்சுப் பார்த்தீங்களா?

புத்தளத்தில் காலையில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், சுற்றி நிற்கிற நாலு பேரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: "பெட்டரி மௌத்து." பொனட்டைத் திறக்க முன்னாலேயே தீர்ப்பு வந்துவிடும். அடுத்த அரை மணித்தியாலத்தில் ஒருத்தர் புதுப் பெட்டரி வாங்கக் கடைக்குப் போயிருப்பார். நாடி பிடித்துப் பார்க்காமலே ஜனாஸா எடுக்கிற இந்தப் பழக்கம் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: காசு கொடுக்க முன் ஒரு எண்ணைக் கேளுங்கள்.

இது சின்ன விசயமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருசமும் இருந்த பழைய வண்டிகளோடுதான் நாட்டின் சீவியம் ஓடியது. 2022இல் பெற்றோல் இல்லாமல் வண்டிகள் நாட்கணக்கில் வாசலில் கிடந்தன. நிற்கிற வண்டியிலும் அலாரமும் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடிக்கும். பெட்டரி தானாகவும் இறங்கும். அதே வருசம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சார்ஜ் ஏற்றினாலே எழும்பியிருக்கக்கூடிய எத்தனை பெட்டரிகள் அந்த விலையிலும் மாற்றப்பட்டிருக்கும்?

முதலில் காதால் கேட்கணும். சாவியைத் திருப்பும்போது "டக் டக் டக்" என்று வேகமாகத் தட்டினால், பெட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டேர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரேயொரு "டக்"கோடு நின்றால், ஸ்டார்ட்டர் மோட்டாரையும் வயர் இணைப்புகளையும் சந்தேகிக்கணும். மோட்டார் நல்ல வேகத்தில் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? அப்போ பெட்டரியை விட்டுவிடுங்கள், எரிபொருளையோ பிளக்கையோ பாருங்கள். ஒரு சத்தமும் இல்லையென்றால், ஓட்டோ கியர் வண்டி 'பி'யில் நிற்கிறதா என்பதையும் ஒருக்கா பார்த்துவிடுங்கள். இவ்வளவுக்கும் ஒரு சதம் செலவில்லை.

அடுத்தது மல்டிமீட்டர். சாதாரண ஒன்றின் விலை, புதுப் பெட்டரி விலையில் சின்னப் பங்குதான். அதை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். வண்டி சில மணித்தியாலம் ஓடாமல் நின்றிருக்கணும். 12.6 காட்டினால் பெட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஆனால் காலி என்பது வேறு, மௌத்து என்பது வேறு. முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, இன்னொருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். நிறைந்த பெட்டரியே அந்த நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால்தான் அதன் ஆயுளைப் பற்றிப் பேசணும். கடைசியாக, எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டணும். அது 12 சொச்சத்திலேயே நின்றால் குற்றவாளி ஒல்டர்நேட்டராக இருக்கலாம். அதைப் பார்க்காமல் புதுப் பெட்டரி போட்டால், சில நாளில் அதுவும் படுத்துவிடும்.

எங்கள் கரைக்கென்று இன்னொரு சந்தேக நபர் உண்டு: உப்பு. ஒரு பக்கம் களப்பு, ஒரு பக்கம் கடல், நடுவில் உப்பளங்கள். பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை வீசுகிற காற்று தகரத்தையே தின்னும். டேர்மினலையும், எஞ்சினையும் பொடியையும் இணைக்கிற எர்த் வயரையும் விட்டுவைக்குமா? பெட்டரி நல்லாயிருந்தும் துருவைத் தாண்டி மின்சாரம் போகாது. மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் ஈயக் கம்பத்திலும், மற்றதை அதைப் பிடித்திருக்கிற கிளம்பிலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். கிட்டத்தட்ட பூச்சியம் வரணும். அரை வோல்ட் காட்டினால் நோய் அங்கேதான். மைனஸ் வயரை முதலில் கழற்றி, அப்பச்சோடா கலந்த தண்ணீரால் கழுவி, துடைத்து, மைனஸைக் கடைசியாகப் பூட்டுங்கள். பக்கத்தில் சிகரட் வேண்டாம். பெட்டரியிலிருந்து வருகிற ஐதரசன் தீப்பிடிக்கும்.

பிரியஸ், அக்குவா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ரெடி' வராவிட்டால் உடனே "ஹைபிரிட் பெட்டரி போச்சு" என்று பயப்பட வேண்டாம். சின்ன 12 வோல்ட் பெட்டரி இறங்கினாலும் அப்படித்தான் நிற்கும். அதை அளக்கலாம். செம்மஞ்சள் நிற வயர்களில் மட்டும் கை வைக்கக் கூடாது.

காசை விடப் பெரிய கணக்கும் ஒன்றிருக்கிறது. கார் பெட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். செனகலின் டக்கார் நகருக்குப் பக்கத்தில் தியாரோய் சுர் மேர் என்ற கரையோர ஊரில், பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த மண்ணால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். கொழும்புக் குப்பை அருவாக்காட்டுக்கு வரக் கூடாது என்று வீதியில் இறங்கிய ஊர் எங்களுடையது. தேவையில்லாமல் கழற்றிப் போடுகிற ஒவ்வொரு பெட்டரியும் நாங்களே உண்டாக்குகிற குப்பைதான்.

"இதெல்லாம் பாஸின் வேலை, உங்களுக்கு ஏன்?" என்று கேட்பார்கள். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களிடம் இன்னும் கூடுதலாகவே கேட்பார்கள். ஆனால் விஞ்ஞானம் சாதாரண தரம் வரை எல்லோருக்கும் கட்டாயம். வோல்ற்றுமானியைச் சமாந்தரமாகத் தொடுக்கணும் என்று எல்லோரும் எழுதித்தானே பாஸானோம்? அந்த அறிவு பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிட்டால், படித்தவர் படிக்காதவர் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. பெண் பிள்ளைகளுக்கோ "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க தங்கச்சி" என்ற பதில்தான் கிடைக்கிறது. மீட்டர் பிடிக்கிறவர் ஆணா பெண்ணா என்று பெட்டரி பார்ப்பதில்லை.

கேள்வி கேட்பது பாஸை அவமதிப்பதும் ஆகாது. நல்ல பாஸ் அளந்துவிட்டுத்தான் பேசுவார்; கேட்டால் சந்தோசமாகக் காட்டுவார். அளக்காமல் மாற்றச் சொல்கிறவருக்குத்தான் கேள்வி உறுத்தும்.

ஆகவே ஒரு தெருவுக்கு, ஒரு நண்பர் கூட்டத்துக்கு ஒரு மீட்டர் வாங்கி வையுங்கள். வாங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. கராஜில் நின்று மரியாதையாக இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நானா, எத்தனை வோல்ட் காட்டுது?"