படத்தில் இல்லாத பெண்கள்



2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில், காலநிலைக்காகக் குரல் கொடுக்கும் ஐந்து இளம் பெண்கள் சேர்ந்து நின்றார்கள். கிரெட்டா துன்பெர்க் உட்பட நால்வர் ஐரோப்பிய வெள்ளையர். ஐந்தாமவர் உகண்டாவின் வனேசா நகாட்டே. அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட படத்தில் நால்வர்தான் இருந்தார்கள். பின்னால் நின்ற கட்டடம் உறுத்தலாகத் தெரிந்ததால் ஓரத்தை வெட்டினார்களாம். வனேசா ட்விட்டரில் நியாயம் கேட்டார், உலகமே திரும்பிப் பார்த்தது, பிறகு மன்னிப்பு வந்தது.

'மீ டூ' கதையும் அப்படித்தான். 2006இல் அதைத் தொடங்கியவர் தரானா பேர்க் என்ற கறுப்பினப் பெண். 2017இல் ஹொலிவூட்டின் வெள்ளை நடிகை ஒருவர் பதிவிட்ட பிறகுதான் அது உலகச் செய்தியானது. பெண்ணுக்காகப் பேசும் இடத்திலும் நிறம் முந்திக்கொள்கிறது.

இதைப் பார்த்து நாம் கோபப்படுகிறோம். நியாயமான கோபம்தான். ஆனால் நம் ஊரைப் பாருங்கள்.

2011 முதல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. 900 மெகாவோட். சோளகக் காற்று எழும்பினால் நிலக்கரித் தூளைப் பற்றி முகநூலில் பதிவுகள் வரும். கொடியில் காய்ந்த உடுப்பை மறுபடி துவைப்பவர் யார்? வெங்காயப் பாத்தியில் குனிந்து நிற்பவர் யார்? இருமுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர் யார்? பெண்கள். பதிவிலும் மகஜரிலும் பேட்டியிலும் யார்? ஆண்கள். ஒரு சகோதரி தன் பெயரில் கருத்து எழுதினால், "வீட்டில் ஆம்பிளை இல்லையா?" என்று கீழே ஒரு கேள்வி.

வெள்ளைக்காரன் வெட்டினால் நிறவெறி, நாம் வெட்டினால் ஒழுக்கமா?

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. முகத்தைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. ஆயிஷா (ரழி) அவர்கள் 2000க்கும் மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தார்கள். திரைக்கு அப்பால் இருந்து ஆண்கள் கேட்டுப் படித்தார்கள். அவரது பெயரை யாரும் மறைக்கவில்லை.

இனிமேல் தூளைப் பற்றி எழுதும்போது அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதுவோம். அவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரிலேயே போடுவோம். மகஜரில் முதல் கையொப்பம் அவர்களுடையதாக இருக்கட்டும். உலகத்திடம் கேட்கிற நீதியை நம் ஒழுங்கையிலிருந்து தொடங்குவோம்.