சொல்லும் நிலைக்க வேண்டும், சுவரும் நிலைக்க வேண்டும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்றனர் எம் முன்னோர். கட்டுவிப்பவன் படும் பாட்டை இப்பழமொழி கூறிவிட்டது. கட்டுபவன் படும் பாட்டைக் கூறுவார் யார்?

வெங்காயத்தையும் புகையிலையையும் விற்றுச் சேர்த்த பணத்தில் கமக்காரர் ஒருவர் வீட்டுக்கு அத்திவாரமிடுகிறார். மேசனார் முற்பணம் பெற்று வேலை தொடங்குகிறார். சுவர் நெஞ்சளவு உயர்ந்ததும் பணம் போதவில்லை என்கிறார் ஒருவர். பேசியது இவ்வளவுதான் என்கிறார் மற்றவர். வேலை நிற்கிறது. வழக்கு விதானையாரிடமும் இணக்கசபையிடமும் போகிறது. சுவரோ மழையில் நனைந்து பாசி பிடிக்கிறது. இருவரும் நாணயமானவர்களே. ஆயினும் ஒருவர் தம் சேமிப்பையும், மற்றவர் தம் நற்பெயரையும் இழந்து நிற்பதேன்?

வாய்ப்பேச்சை மட்டும் நம்பி வேலை தொடங்கியதே காரணமென்போம். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவுக்கு விற்ற சீமெந்து மூட்டை, 2022ஆம் ஆண்டில் மூவாயிரம் ரூபாவை எட்டியதை நாடு மறக்கவில்லை. பொருளும் கூலியும் சேர்த்து ஒரே தொகைக்குக் கொந்தராத்து எடுத்த மேசன்மார் அன்று தம் கைப்பணத்தைக் கொட்டி வேலையை முடிக்க வேண்டியவராயினர். அல்லது இடைநடுவில் விட்டுச் சென்று பழி சுமந்தனர். பொருளின் விலை ஏறினால் அதனை ஏற்பவர் யார் என்று ஒரே வரி எழுதியிருந்தால் இந்நிலை வந்திராது.

ஆகவே, வேலை எவ்வளவு சிறிதாயினும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுக. சுவரின் நீளம், உயரம், தடிப்பு, கலவையின் அளவு, பொருள் வாங்குபவர் யார், கதவு சன்னல் வெளிகளைக் கழித்துக் கூலி கணக்கிடுவதா கழியாமலா, மேலதிக வேலைக்கு என்ன விலை என்பன அதில் இருத்தல் வேண்டும். இடையில் வீட்டுக்காரர் ஓர் அறையைப் பெருப்பிக்க விரும்பினால், அதனையும் எழுதிய பின்னரே கல் வைக்க வேண்டும்.

பணம் பெறுவதற்கும் முறையுண்டு. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தில், வீடொன்றுக்கான 5,50,000 ரூபா ஒரே தடவையில் வழங்கப்படவில்லை. வேலையின் முன்னேற்றத்துக்கேற்பக் கட்டங்கட்டமாகவே வழங்கப்பட்டது. தனியார் வேலைக்கும் அதுவே நல்வழி. அத்திவாரம், சன்னல் மட்டம், கூரை மட்டம், பூச்சு என்று பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் அதற்குரிய பணத்தைப் பெறுக. ஒரு வீட்டின் முற்பணத்தை இன்னொரு வீட்டின் சுவரில் போடுவது மேசன்மாரைக் கடனாளியாக்கும் வழக்கம். அதனை இன்றே கைவிடுதல் வேண்டும்.

மதிப்பீட்டை ஊகத்திற் கூறுவதும் நட்டத்துக்கு வழி. மூட்டுச் சாந்தையும் சேர்த்து 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமுமுள்ள சீமெந்துக் கல்லெனில், 100 சதுர அடிச் சுவருக்கு 113 கல் வேண்டும். உடைவுக்கு ஐந்தாறு கூட்டிக் கொள்க. இவ்வாறு எண்ணிச் சொல்பவரை வீட்டுக்காரரும் மதிப்பர்.

இனி வேலைத்திறன். செங்கல்லை நீரில் ஊறவைத்தே கட்டவேண்டும். இன்றேல் சாந்தின் நீரைக் கல் உறிஞ்சிவிட, சாந்து பொடியாகும். ஆனால் சீமெந்துக் கல்லை ஊறவைப்பது தவறு. நனைந்து பருத்த கல் காயும்போது சுருங்கிச் சுவர் வெடிக்கும். நேற்று அரிந்த கல்லை நாளை கட்டுவதும் அத்தகையதே; கல்லை நன்கு நீரூற்றிப் பதப்படுத்தி, சில வாரம் உலரவிட்டே எடுக்க வேண்டும். சீமெந்து கூடினால் பலம் கூடுமென்று எண்ணுவோர் பலர். கல்லினும் கடினமான சாந்து, வெடிப்பைக் கல்லின் மீதே தள்ளும். ஒன்றுக்கு ஐந்து என்ற கலவை சாதாரண சுவருக்குப் போதுமானது. ஒரு மணி நேரத்துள் முடியக்கூடிய அளவே குழைக்க வேண்டும். இறுகத் தொடங்கிய சாந்துக்கு மீண்டும் நீரூற்றுவது வீட்டுக்காரருக்குச் செய்யும் வஞ்சனையாகும்.

கடற்கரை மணல் மலிவென்று வாங்கற்க. அதன் உப்பு பூச்சிற் பூத்து நிற்கும். கொங்கிறீற்றினுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். மூலை சரிதானோ என்ற ஐயம் எழுந்தால், ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்க. ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் சுவரை உயர்த்த வேண்டாம். கட்டிய சுவருக்கு ஏழு நாளாவது நீரூற்றுக.

மேசனார் தொழிலாளி மட்டுமல்லர். முட்டாள் என்று நாம் வழங்கும் உதவியாளுக்கு அவரே முதலாளி. சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு நட்டஈடு பெறும் உரிமையை 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வகுத்துள்ளது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு எட்டும், தொழில் கொள்வோரிடமிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டும் அந்நிதிக்குச் சேர வேண்டும். இச்செலவை முதலிலேயே மதிப்பீட்டிற் சேர்ப்பவர் பின்னர் கலங்கார்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. குறைந்த தொகை கூறுபவரையே நாடி, பின்னர் கலவையில் சீமெந்து குறைந்ததென்று குறைகூறுவதில் நியாயமில்லை. முடிந்த கட்டத்துக்குரிய கூலியை இழுத்தடிப்பதும் அறமன்று. அன்று மாலை அந்தப் பணத்தை எதிர்பார்த்து எத்தனையோ அடுப்புகள் காத்திருக்கின்றன.

போரினால் இடிந்த எம் வீடுகளை மீள எழுப்பிய கைகள் மேசன்மாரின் கைகளே. அக்கைகள் தூக்குக்குண்டைப் பிடிப்பதுபோல் பேனாவையும் பிடிக்கட்டும். நூல் பிடித்துச் சுவர் கட்டத் தெரிந்தவருக்கு, எழுத்துப் பிடித்துத் தொழில் நடத்துவது அரிதன்று.