லோடு இறங்கும் முன்பே

புதுமனை புகுந்து ஆண்டு திரும்புவதற்குள் பூச்சு பொரிந்து உதிர்கிறது. சுவரில் மயிரிழை விரிசல் ஓடுகிறது. வீட்டுக்காரர் கேட்டால், "இப்போ வர்ற மெட்டீரியலே அப்படித்தான் சார்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். பொறியாளர் வாயிலிருந்து வரக் கூடாத பதில் இது.

எம்-சாண்ட் மட்டமான பொருள் அல்ல. பாறையை உடைத்து, துகளுக்கு வடிவம் கொடுத்து, கழுவித் தரப்படும் மணலை இந்தியத் தர விதியான ஐ.எஸ். 383 (2016) முறைப்படி ஏற்கிறது. 75 மைக்ரானுக்குக் கீழான தூள் ஆற்று மணலில் 3 சதவீதமும், எம்-சாண்டில் 15 சதவீதமும் இருக்கலாம். ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் கிரஷர் தூசி அதே பெயரில் சைட்டுக்கு வருவதுதான் கேடு.

அந்தத் தூசி தண்ணீரை இழுக்கும். கலவை இறுகும். கரண்டிக்கு வசப்படவில்லையென்று கொத்தனார் இன்னொரு வாளி ஊற்றுவார். சாதாரணச் சூழலில் எம்20 கான்கிரீட்டுக்கு நீர்-சிமெண்ட் விகிதம் 0.55-ஐத் தாண்டக் கூடாது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 27.5 லிட்டர். அதற்கு மேல் ஊற்றிய தண்ணீர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. வலிமை குறைகிறது, கான்கிரீட் சுருங்கி வெடிக்கிறது.

சிமெண்ட்டும் மாறிவிட்டது. வீட்டு வேலைக்கு இன்று பெரும்பாலும் வருவது சாம்பல் கலந்த பி.பி.சி. நல்ல சிமெண்ட்தான், ஆனால் மெல்லத்தான் வலிமை ஏறும். அதற்குக் குறைந்தது 10 நாள் க்யூரிங் வேண்டும், வறண்ட வெயிலில் 14 நாள் நல்லது என்கிறது ஐ.எஸ். 456. சித்திரை வெயிலில் மூன்று நாள் காலையும் மாலையும் தெளித்துவிட்டு நிறுத்தினால் எந்த சிமெண்ட்டும் தாங்காது.

சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததை 2021-இல் தமிழகமே பார்த்தது. அதன்பின் ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு நடந்தது. மக்கள் குடியேறிய பிறகு நடக்கும் ஆய்வு யார் பொறுப்பு என்று சொல்லும். கட்டிய சுவரைத் திருத்தித் தராது.

பொதுப்பணித் துறையின் தரச் சான்று எம்-சாண்ட் ஆலைக்கு உரியது. வாசலில் நிற்கும் லாரிக்கு அல்ல. லோடு கொட்டும் முன் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். தூள் கனமாகப் படிந்தால் இறக்க விடாமல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பூச்சுக்கு, அதற்கென்றே தயாராகும் பி-சாண்ட் மட்டும் வாங்குங்கள். தளம் போடும் அன்றே கான்கிரீட்டில் சோதனைக் கியூப் எடுத்து 28-ஆம் நாள் உடைத்துப் பாருங்கள்.

இதற்கான செலவு வீட்டு மதிப்பீட்டில் கண்ணில் படாத அளவு சிறியது. ஆனாலும் பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது அதுதான். ஆகவே சோதனைக் கட்டணம், லோடைத் திருப்பி அனுப்பும் உரிமை, க்யூரிங் நாட்கள் மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டுகிறவருக்கு மணலைச் சலித்துப் பார்க்கத் தெரியாது. அந்த வேலைக்காகத்தான் நம்மை நியமிக்கிறார்.