மனக் கணக்கு

இரவு ஒன்பது மணிக்குமேல் கடைத்தெரு வழியே நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். பாதிக் கதவு சாத்திய மளிகைக் கடையினுள் விளக்கொளியில் கடைக்காரர் அமர்ந்திருப்பார். அன்றைய வரவையும் செலவையும் கணக்கேட்டில் எழுதிக்கொண்டிருப்பார். இந்நாளில் சிலர் கணிப்பொறியில் பதிந்துகொள்வதும் உண்டு. எவ்வாறாயினும், கணக்கு நேராகும் வரையில் அவர் கடையைப் பூட்டுவதில்லை. பத்து ரூபாய் குறைந்தாலும் அஃது எங்கே போயிற்று என்று தேடுவார். தேடிக் கண்ட பின்னரே அவருக்கு உறக்கம் வரும்.

பத்து ரூபாய்க்கு இத்துணைக் கவலை கொள்ளும் நாம், நம் மனத்தின் வரவு செலவைப் பற்றி என்றேனும் கவலைப்பட்டதுண்டா? காலையில் இருந்த மகிழ்ச்சி மாலையில் எங்கே போயிற்று? நண்பனிடம் காரணமின்றிச் சீறினோமே, அச்சீற்றம் எங்கிருந்து வந்தது? இவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கணக்குப் பாராத கடை நொடித்துப் போவதை உலகம் அறியும். கணக்குப் பாராத மனமும் அவ்வாறே நொடிக்கும் என்பதனை நான் என் இளமையிலேயே கற்றேன்.

அப்பொழுது எனக்கு வயது பதினான்கு. பள்ளியில் செய்யுள் ஒப்பித்தற் போட்டி நடைபெற்றது. பல நாள் பாடம் செய்து மேடை ஏறினேன். நான்கு அடிகள் சொன்னேன். ஐந்தாம் அடி நினைவுக்கு வரவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் நின்றேன். அவையில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தனர். தலை கவிழ்ந்து இறங்கி வந்தேன்.

வீடு சேர்ந்ததும் அம்மா இலை போட்டுச் சோறு படைத்தார். ஒரு கவளம் வாயில் வைத்தேன். "குழம்பில் உப்பே இல்லை! இதை யார் உண்பார்?" என்று கூவி இலையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. சிந்திய சோற்றைத் திரட்டிக்கொண்டிருந்தார். நள்ளிரவில் தண்ணீர் குடிக்கச் சென்றபோது அடுக்களையில் பானை மூடியவாறே இருக்கக் கண்டேன். அம்மா அன்று உண்ணவில்லை.

அந்நிகழ்ச்சியை நெடுநாள் என் சினத்தின் விளைவு என்றே கருதி வந்தேன். 'இனிச் சினம் கொள்ளேன்' என்று உறுதியும் செய்துகொண்டேன். ஆனால், அவ்வுறுதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அது நில்லாமைக்குக் காரணம் பின்னாளில் தொல்காப்பியம் பயின்றபோதுதான் விளங்கியது.

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலை அமைத்துள்ளார். உள்ளத்தே தோன்றும் உணர்ச்சி உடம்பின் வழியே புறத்தார்க்குப் புலப்படுதல் மெய்ப்பாடு எனப்படும். சிரிப்பு, அழுகை, இளிவரல், வியப்பு, அச்சம், பெருமிதம், சினம், மகிழ்ச்சி என அவர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றைப் பெயரிட்டதோடு அவர் நின்றாரல்லர். ஒவ்வொன்றும் எவ்வெக் காரணத்தால் பிறக்கும் என நான்கு நான்காகப் பிரித்து, முப்பத்திரண்டு நிலைக்களன்களையும் காட்டினார். உள்ளத்தை இவ்வாறு பகுத்துக் காண வேண்டும் என்னும் எண்ணம் நம் முன்னோர்க்கு அத்துணைப் பழங்காலத்திலேயே இருந்தது.

சினம் பிறக்கும் இடங்களாக அவர் கூறுவன யாவை? உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொலை செய்தல் என்பன. இப்பட்டியலை வைத்துக்கொண்டு என் பழைய செயலை ஆராய்ந்தேன். என் அம்மா இந்நான்கனுள் எதனை எனக்குச் செய்தார்? ஒன்றையும் செய்தாரல்லர், சோறுதான் படைத்தார். அவ்வாறாயின், நான் சினம் என்று கருதியது சினமே அன்று. பின்னர் அஃது யாது?

அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு காரணங்களுள் முதலாவது இளிவு. பிறரால் இகழப்பட்டு எளியனாதல் என்பது அதன் பொருள். அதனைப் படித்த அன்று நூலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். மேடையில் இகழப்பட்ட நான் அழுதிருக்க வேண்டும். அழுவதற்கு நாணினேன். 'ஆண்பிள்ளை அழலாமா?' என்று ஊரார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். வெளிவர இயலாத அழுகை சினத்தின் முகமூடியை அணிந்துகொண்டு வெளிப்பட்டது. குற்றமற்ற ஒருவர்மேல் பாய்ந்தது.

மாணவர்களே! 'சினத்தை அடக்கு, அச்சத்தை விடு, அழுகையை நிறுத்து' என்று உங்களுக்குப் பலர் அறிவுரை கூறியிருப்பர். அவ்வறிவுரை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆயினும், அதற்கு முன்பே செய்ய வேண்டிய செயல் ஒன்று உண்டு. அடக்க வேண்டியது எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நோயின் பெயரை மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிவிடும் அன்றோ? அழுகைக்குச் சினத்தின் மருந்தைக் கொடுத்தேன். அதனால்தான் என் உறுதி ஒரு வாரத்தில் உடைந்தது. உணர்ச்சியை அதன் உண்மைப் பெயரால் அழைக்கக் கற்பதே மனவளர்ச்சியின் முதற்படி என்பது என் கருத்து.

இங்கு ஓர் ஐயம் எழலாம். 'இவ்வாறு ஒவ்வோர் உணர்ச்சியையும் ஆராய்ந்துகொண்டே இருந்தால் மனிதன் உணர்ச்சியற்ற மரமாகிவிட மாட்டானா? அநீதியைக் கண்டும் சினம் கொள்ளாமல் இருந்துவிட மாட்டானா?' என்று சிலர் வினவுவர். அதற்கு விடையாக ஒரு வரலாற்று நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

1893 ஆம் ஆண்டு ஜூன் மாதம். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்குப் புறப்பட்டார் இருபத்து மூன்று வயதுடைய வழக்கறிஞர் ஒருவர். முதல் வகுப்புச் சீட்டு அவர் கையில் இருந்தது. ஆயினும், வெள்ளையர் அல்லர் என்னும் காரணத்தால் பீட்டர்மாரிட்சுபர்க்கு நிலையத்தில் வண்டியிலிருந்து அவரைத் தள்ளி இறக்கினர். அவரே பிற்காலத்தில் அண்ணல் காந்தியடிகள் எனப் போற்றப்பட்டவர். அங்கு அப்பொழுது குளிர்காலம். அவருடைய மேற்சட்டை இருந்த மூட்டை நிலையத்தாரிடம் இருந்தது. அதைக் கேட்டால் மீண்டும் இழிவுபடுத்துவரோ என்று கேளாமல், இரவெல்லாம் குளிரில் நடுங்கியவாறு அமர்ந்திருந்தார். தாயகம் திரும்பிவிடலாமா, அவமதிப்பைப் பொருட்படுத்தாது பிரிட்டோரியா சென்று வழக்கை மட்டும் முடித்துவிட்டு வரலாமா, உரிமைக்காகப் போராடலாமா என்று எண்ணினார். தமக்கு நேர்ந்த துன்பம் மேற்போக்கானது என்பதையும், நிறவெறி என்னும் ஆழ்ந்த நோயின் வெளி அடையாளமே அது என்பதையும் அவ்விரவில் உணர்ந்தார்.

அவர் தம் சினத்தை விட்டுவிடவில்லை. அதன் வேரைக் கண்டார். தம் ஒருவருக்கு நேர்ந்த இழிவு என்னும் எல்லையைக் கடந்து, தம் மக்கள் அனைவர்க்கும் நேரும் கேடு என்று அதனைக் கண்டார். உணர்ச்சியை அறிந்தமையால் அவர் உணர்ச்சியற்றவராகிவிடவில்லை. அவர் 1914 வரையில் அந்நாட்டில் நடத்திய அறப்போர்க்கு அவ்வறிவே விதையாயிற்று. வண்டிக்காரனைத் தாக்கியிருந்தால் அச்சினம் அன்றைக்கே செலவழிந்து போயிருக்கும்.

அவ்வாறாயின், மனத்தை அறியும் பழக்கத்தைப் பெறுவது எங்ஙனம்? கடைக்காரர் செய்வதுபோல நாள்தோறும் கணக்கு எழுதுவதே எளிய வழியாகும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் இதனை மெய்யாகவே செய்து பார்த்தவர். 1706 இல் பாஸ்டன் நகரில் பிறந்த அவர், அச்சுத் தொழில் செய்து உயர்ந்தவர். இளமையில் அவர் தமக்கெனப் பன்னிரண்டு நற்பண்புகளைத் தேர்ந்துகொண்டார். 'உம்மிடம் செருக்கு உண்டு' என நண்பர் ஒருவர் எடுத்துக் காட்டவே, பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். சிறு குறிப்பேடு ஒன்றில் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் ஏழு நாள்களுக்கும் கட்டங்கள் வரைந்தார். இரவில் அன்றைய பிழைகளை எண்ணிப் பார்த்து, உரிய கட்டத்தில் கரும்புள்ளி இட்டார். வாரத்திற்கு ஒரு பண்பாகப் பதின்மூன்று வாரம் பயின்றால் ஒரு சுற்று முடியும். ஓர் ஆண்டில் நான்கு சுற்றுகள் முடியும்.

அவர் முழு வெற்றி பெற்றாரா? இல்லை. பொருள்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பண்பு தமக்குக் கைவரவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டுள்ளார். நிறைவை எய்தாவிடினும், முயலாது இருந்திருப்பின் இருந்திருக்கக்கூடிய நிலையைவிட நல்லவனாகவும் மகிழ்ச்சியுடையவனாகவும் ஆனேன் என்னும் கருத்தையும் அவர் தம் வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். குறிப்பேட்டின் பயன் இதுவே. ஆதலின், புள்ளிகள் மிகுவதைக் கண்டு நீங்கள் மனம் தளர வேண்டுவதில்லை. அவர் செயலை எழுதினார். நீங்கள் செயலின் பின் நின்ற உணர்ச்சியையும் சேர்த்து எழுதுங்கள். 'தம்பியை அடித்தேன்' என்பதனோடு, 'தேர்வை எண்ணி அஞ்சியிருந்தேன்' என்றும் ஒரு வரி எழுதினால் போதும். தம்பிக்கும் தேர்வுக்கும் தொடர்பில்லை என்பது எழுதிய கணத்திலேயே விளங்கிவிடும்.

உள்ளத்தின் கணக்கைப் பார்க்கும்போது உடலின் கணக்கையும் மறத்தல் ஆகாது. பசித்தவனுக்கும் உறக்கம் கெட்டவனுக்கும் சிறு சொல்லும் பெரும்பகையாகத் தோன்றும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என மருத்துவ அறிஞர்கள் வரையறுத்துள்ளனர். நள்ளிரவு வரை கைப்பேசியை நோக்கியிருந்துவிட்டு, மறுநாள் 'எனக்கு ஏன் எல்லாரிடமும் எரிச்சல் வருகிறது?' என்று கேட்பதில் பயனில்லை. திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரத்திற்குத் தலைப்பிட்டு, அதில் உண்ணும் அளவையும் காலத்தையுமே பெரிதும் பேசியிருப்பதை எண்ணிப் பாருங்கள். அளவான உணவு, போதிய உறக்கம், மாலையில் சிறிது நடை அல்லது விளையாட்டு ஆகிய இவற்றை உடலுக்குக் கொடுப்பது ஆடம்பரம் அன்று. உள்ளத்திற்கு நாம் செய்யும் உதவி.

இனி, நாளில் சிறிது நேரமேனும் வாய் பேசாது தனித்திருக்கப் பழகுங்கள். இறைவனைத் தொழுவோர் அந்நேரத்தில் தொழலாம். அல்லாதார் அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனிக்கலாம். காந்தியடிகள் திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தமை உலகறிந்த செய்தி. கலங்கிய குளத்தில் முகம் தெரியாது. தெளிந்த குளத்தில் தெரியும். அமைதியில்தான் மனம் தன்னைத் தானே காண்கிறது.

ஆனால், தன்னைக் காண்பதோடு நின்றுவிடுவது ஆன்மிகம் ஆகாது. தன் பசியை அறிந்தவன் பிறர் பசியையும் அறிதல் வேண்டும். வள்ளலார் என மக்கள் போற்றும் இராமலிங்க அடிகள் தனித்திருந்து தியானித்தவர். அவரே 1867 ஆம் ஆண்டில் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி, பசித்து வந்தோர்க்கு உணவளிக்க வழி செய்தார். அங்கு இன்றும் அடுப்பு எரிகிறது. இன்றும் சோறு வழங்கப்படுகிறது. உள்ளே நோக்கிய கண் வெளியே கருணையாக மலர்ந்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மற்றொன்றும் கூற வேண்டும். சில துயரங்கள் குறிப்பேட்டில் அடங்கா. பல நாள் உறக்கம் இல்லாமலோ, எதிலும் விருப்பம் இல்லாமலோ, வாழ்வே சுமையாகத் தோன்றுவதாலோ துன்புறும்போது தனியே தாங்க முயலாதீர்கள். தாய் தந்தையரிடமோ நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ அன்றே சொல்லுங்கள், மருத்துவரையும் நாடுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்ல நாணாத நாம் மனநோவுக்குச் செல்ல ஏன் நாண வேண்டும்?

என் கதையை முடித்துவிடுகிறேன். பல்லாண்டுகள் கழிந்தபின் ஒருநாள் அம்மாவிடம் அந்நிகழ்ச்சியை நினைவூட்டி, "அன்று குழம்பில் உப்பு இருந்ததா, அம்மா?" என்று கேட்டேன். அம்மா சிரித்தார். "உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது, தம்பி. நீ வாசற்படி ஏறும்போதே உள்ளுக்குள் அழுதுகொண்டுதானே வந்தாய்! வாய்விட்டு அழுதுவிட்டால் தேவலையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மெய்ப்பாட்டியல் என்னும் பெயரையும் அவர் கேட்டதில்லை. எனினும், நான் பல்லாண்டு கற்றுத் தெரிந்துகொண்டதை அவர் என் முகத்தைப் பார்த்த அக்கணமே அறிந்திருந்தார். நான் மட்டும் அதனை அன்றைக்கே அறிந்திருப்பேனாயின், அவர் அன்றிரவு பட்டினி கிடந்திருக்க மாட்டார்.

மாணவர்களே! இன்றிரவு விளக்கை அணைக்குமுன் ஐந்து நிமிடம் உங்கள் மனக் கணக்கைப் பாருங்கள். அதில் யாருக்கேனும் கடன்பட்டிருப்பதாகத் தோன்றினால், நாளைக் காலையில் அவரிடம் சென்று ஓர் அன்புச் சொல்லால் அதனைத் தீர்த்துவிடுங்கள்.