மெமோ யாருக்கு?

மே மாதம் பரீட்சை முடிவுகள் வெளிவருகின்றன. ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நமது கல்வி இலாகா ஆண்டுதோறும் ஒரு சடங்கு நடத்துகிறது. தேர்ச்சி சதவிகிதம் குறைந்த சர்க்கார் பள்ளிகளின் பட்டியல் தயாராகிறது. தலைமையாசிரியர்கள் வரவழைக்கப்படுகிறார்கள். "ஏன் குறைந்தது? விளக்கம் எழுதிக் கொடு!" என்கிறார்கள். விளக்கம் திருப்தி இல்லையென்றால் 17-ஏ, 17-பி என்று மெமோ பறக்கிறது. மாணவர்களுக்கு ராங்க் கொடுக்கும் வழக்கத்தை 2017-இல் நிறுத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் ஜில்லாக்களை வரிசைப்படுத்தும் வழக்கம் நிற்கவில்லை. நமது ஜில்லா எத்தனையாவது இடம் என்று பார்த்து மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அதட்டுகிறார். அவர் தமக்குக் கீழே இருப்பவரை அதட்டுகிறார். கடைசியில் அந்த அதட்டல் வந்து விழுவது ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுகிற ஏழைப் பையனின் தலையில்தான். "உன்னால் ரிசல்ட் கெடும். டி.சி. வாங்கிக்கொண்டு போ!"

தென்காசி ஜில்லாவில் இந்தச் சடங்கு நடக்கிற நாட்களில் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். ஆய்வுக்கு வருகிற பெரிய அதிகாரிகள் மற்ற ஜில்லாக்களைவிட நமது ஜில்லாவிடம் அந்த மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகப் பிரியம் வைத்தால் அதில் ஆச்சரியமில்லை! அருவியில் குளிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. குளித்துவிட்டுத் திரும்பும்போது கண்ணைத் திறந்து பார்க்கட்டும் என்றுதான் சொல்லுகிறோம். பள்ளி திறக்கிற அதே ஜூனில்தான் சீசனும் திறக்கிறது. டீக்கடையில் கிளாஸ் கழுவவும், பழக்கடையில் நிற்கவும், லாட்ஜில் எடுபிடி வேலை செய்யவும் கைகள் தேவைப்படுகிற காலம் அது. சீசன் வருமானத்தை நம்பி வருஷத்தை ஓட்டுகிற குடும்பத்தில் பள்ளிக்கூடப் பையனும் ஒரு கை. கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர்ப் பக்கம் போனால் பீடி. தாய்மார்கள் பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை சுற்றுகிறார்கள். பள்ளி விட்டு வந்த மகள் இலை நறுக்குகிறாள், கட்டுப் போடுகிறாள். அவளும், நாலு பாடத்துக்கு நாலு டியூஷன் போகிற வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். முடிவு வந்ததும் அவள் படித்த பள்ளிக்கு "மோசமான பள்ளி" என்று பட்டம்!

அப்படியானால் சர்க்கார் பள்ளியை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதா நமது வாதம்? இல்லவே இல்லை. 2022-இல் ஏசர் அமைப்பு கிராமங்களில் நடத்திய கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தது ஒரு காரணம். ஆனால் 2018-லேயே பாதிப் பிள்ளைகள்கூட வாசிக்கவில்லை என்று அதே அமைப்பு சொல்லியிருந்தது. இதை மூடி மறைக்க நாம் தயாரில்லை. ஐந்து வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வெளியே வருகிற பிள்ளை யாருடைய பிள்ளை? பீடிச் சுற்றுகிறவள் பிள்ளை, விசைத்தறி ஓட்டுகிறவன் பிள்ளை, வயலில் நாற்று நடுகிறவள் பிள்ளை. மற்றவர்கள் பணம் கட்டி வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஆகவே சர்க்கார் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும் என்று உரக்கக் கேட்கும் உரிமை எல்லோரையும்விட நமக்குத்தான் அதிகம். நாம் கேட்பது, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே.

முதலில் சர்க்கார் பதில் சொல்லட்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 26-ஆவது பிரிவு, ஒரு பள்ளியில் காலியிடம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 2022 ஜூனில் தமிழ்நாடு சர்க்காரே 13,331 ஆசிரியர் இடங்கள் காலி என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு என்ன செய்தது? தற்காலிகமாக ஆள் எடுக்கச் சொன்னது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய்! கட்டட வேலைக்குப் போகிறவர் பாதி மாதத்தில் வாங்குகிற கூலி இது. அப்படிப் போய் நின்ற ஆசிரியரைப் பார்த்து, "ரிசல்ட் எங்கே?" என்று கேட்பதற்கு யாருக்கு முகம் இருக்கிறது? டில்லி சர்க்காரின் யோக்கியதை இதைவிட மோசம். அவர்களுடைய பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024-25-க்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். இதற்கு எந்த மந்திரிக்கு 17-பி கொடுத்தார்கள்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அதே சட்டம், அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்போ ஐந்து. நாளுக்கு ஐந்து மணி நேரப் படிப்பு என்றால், ஒரு வகுப்பின் பங்குக்கு ஆசிரியர் கிடைப்பது இரண்டு மணி. சேர்த்து உட்கார வைத்து நடத்துகிறோம் என்பார்கள். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் அந்த இரண்டு மணியும் ஒன்றாகிவிடும். 1953-இல் ராஜாஜி, கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரப் படிப்பு போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டு வந்தார். நாடே கொதித்தெழுந்தது. 1954-இல் திட்டம் ஒழிந்தது. இன்று எவரும் திட்டம் போடாமலே, சட்டம் இயற்றாமலே, தென்காசிக் கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணிக்கும் குறைந்த படிப்பு! மீதி நேரத்துக்கு ஆத்தாளின் பீடித் தட்டு காத்திருக்கிறது.

மெமோ வைத்தியம் புதிதும் அல்ல. 1862-இல் இங்கிலாந்தில் பரீட்சை ரிசல்ட்டைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம் கொடுக்கும் விதி போட்டார்கள். அந்த வழக்கம் சென்னை ராஜதானிக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளுக்காகப் பிள்ளைகளை உருப்போட வைத்ததுதான் கண்ட பலன். கடைசியில் அங்கேயும் இங்கேயும் கைவிட்டார்கள். அமெரிக்கா 2002-இல் அதையே புதுச் சட்டை போட்டுக் கொண்டு வந்தது. மார்க் ஏறாத பள்ளிக்குத் தண்டனை, ஆசிரியரை மாற்று, பள்ளியை மூடு! அட்லாண்டா நகரத்தில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியதை 2011-இல் கண்டுபிடித்தார்கள். வேலைக்குப் பயந்து செய்த களவு. சிகாகோவில் 2013-இல் ஒரே மூச்சில் ஏறக்குறைய ஐம்பது பள்ளிகளை மூடினார்கள். பெரும்பாலும் கறுப்பு மக்கள் வாழும் பகுதிகள். 2015-இல் அந்தச் சட்டத்தையே மாற்றினார்கள். அங்கே செத்த பிணத்துக்கு இங்கே அலங்காரம் நடக்கிறது. 2025-இல் உத்தரப் பிரதேசத்தில் ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு "இணை" என்று உத்தரவு. இங்கேயும் 2019-இல், பிள்ளை சேராத நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளை நூலகமாக்கப் புறப்பட்டார்கள். பிள்ளை ஏன் சேரவில்லை என்று கேட்கவில்லை.

சீர்திருத்த வழியே இல்லையா? இருக்கிறது, தூரத்திலும் இல்லை. 1956-இல் பழைய திருநெல்வேலி ஜில்லாவின் எட்டயபுரத்தில்தான் காமராஜ் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். 1958-லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கிராமத்தார் கரும்பலகையும் பெஞ்சும் கொண்டு வந்து கொடுத்தார்கள். காங்கிரஸ் மந்திரி சபையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருந்தது. ஆனால் ஊரும் பள்ளியும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த மாநாடுகள் காட்டின. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப்புறம் பாருங்கள். செங்கோட்டையே 1956 நவம்பர் வரை அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. கோழிக்கோட்டில் மலாப்பறம்பு என்ற இடத்தில் ஓர் உதவி பெறும் பள்ளி. "நஷ்டம்" என்று சொல்லி மூடப் பார்த்த மானேஜர் 2014-இல் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டடத்தை இடித்தார். ஊர் ஜனங்கள் திரும்பக் கட்டினார்கள். 2016-இல் கோர்ட்டு உத்தரவால் பூட்டு விழுந்தபோது, இடது முன்னணி சர்க்கார் பள்ளியையே எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியது. பிள்ளை குறைந்தால் மூடுவது ஒரு வழி. பள்ளியைச் சீராக்கிப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுவது இன்னொரு வழி.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காலியிடத்துக்காகவும் சம்பளத்துக்காகவும் நாம் தெருவில் நிற்கிறோம், நிற்போம். ஆனால் பத்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்குகிற சிலருக்காக நாம் வாதாட முடியாது. சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு கற்றது என்று பார்த்து, பின்தங்கியதற்குக் கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பதும், பெற்றோரைக் கூட்டிச் சொல்வதும் ஆசிரியர் கடமை என்கிறது. பீடிச் சுற்றுகிற அம்மாள் வந்து, "எம் பிள்ளைக்கு ஏன் இன்னும் வாசிக்கத் தெரியலை, சார்?" என்று கேட்டால், அதிகாரிக்குச் சொல்லுவதைவிட மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். அவள் உங்கள் எதிரி அல்ல. உங்கள் பக்கம் நின்று சர்க்காரைக் கேட்கப் போகிறவள் அவள்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தக் குழு எழுதுகிற பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் அடிப்படையில்தான் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும் என்பதும் சட்டம். நடப்பதோ, வேலை நாளின் பிற்பகலில் ஒரு கூட்டம், ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ. தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தால் அன்றைய பீடிக் கணக்கில் இத்தனை நூறு குறையும் என்பதால் பாதித் தாய்மார் வருவதில்லை. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

தென்காசி ஜில்லாக் கல்வி அதிகாரிகளை நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு சர்க்கார் பள்ளியின் வாசலிலும் ஒரு பலகை எழுதி வையுங்கள். அனுமதித்த ஆசிரியர் இடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, போன மாதம் ஆசிரியரைப் பாடம் நடத்தவிடாமல் வேறு வேலைக்கு இழுத்தது எத்தனை நாள், சரளமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வகுப்புக்கு எத்தனை பேர். நாலே வரி. பெற்றோர் குழு தீர்மானம் போட்டால் சாக்கட்டியும் கரும்பலகையும் போதும், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கிற முதல் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வருமாறு பீடிச் சங்கத் தோழியர்களையும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளையும் கேட்டுக்கொள்கிறோம்.