மாணாக்கரும் கணிப்பொறியும்

நம் கல்லூரிக்குப் புதிதாய் வரும் மாணாக்கரும் அவர்தம் பெற்றோரும், மடிக் கணிப்பொறி வாங்கப் புகுங்கால், மெக்கின்டாஷ் நன்றோ, விண்டோஸ் இயங்கும் பீ.ஸி. நன்றோ என்று வினவுகின்றனர். இவ்வினாவுக்கு விடை அவரவர் கற்கும் பாடத்திலும் குடும்பத்தின் வரவிலும் உளதேயன்றிப் பிறர் கையிலுள்ள பொறியில் இல்லை என்பதே நம் அபிப்பிராயம்.

முதற்கண் இரண்டின் இயல்பையும் நோக்குவோம். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட பீ.ஸி.யின் அமைப்பைப் பிற கம்பெனியாரும் பின்பற்றலாயினர். ஆதலின் அவ்வழி வந்த பொறிகள் இன்றும் பலராற் செய்யப்பட்டுப் பல விலைகளிற் கிடைக்கின்றன. 1984-இல் தோன்றிய மெக்கின்டாஷுக்கோ, பொறியையும் அதனை இயக்கும் மென்பொருளையும் ஆப்பிள் கம்பெனியார் ஒருவரே அளிக்கின்றனர். 2020 முதல் அவர்கள் தாமே வகுத்த சில்லுகளைப் பொருத்தி வருவதால், குறைந்த மின்சக்தியில் நெடுநேரம் உழைக்கும் சிறப்பு அதற்கு வாய்த்துளது. ஆயினும் அச்சில்லுடைய மடிப்பொறிகளின் நினைவகத்தைப் பின்னர்ப் பெருக்குதல் இயலாது. வேண்டும் அளவை வாங்கும் நாளிலேயே பொருள் கொடுத்துக் கொள்ளல் வேண்டும். பீ.ஸி.க்களிலும் இக்குறையுடையன உள எனினும், வேண்டுங்கால் நினைவகத்தைப் பெருக்கிக்கொள்ளத் தக்கனவும் பல உண்டு. சிறு வருவாயினர்க்கு இஃது அற்ப விஷயமன்று.

இனித் தொழிலை நோக்குவோம். பொறியியலார் பயிலும் ஸாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கென்றே அமைந்தது. ஐபோனுக்குச் செயலி இயற்ற உதவும் எக்ஸ்கோடு மெக்கின்டாஷில் மட்டுமே இயங்குவது. இத்தகைய தேவையுடையார்க்குத் தெரிவு எளிது. கட்டுரை வரைதல், கணக்கிடுதல், நூல் வாசித்தல் ஆகியவற்றுக்கோ இரண்டும் ஒக்கும். தமிழ் எழுதுவார்க்கும் வேற்றுமையில்லை. விண்டோஸில் லதாவும் மெக்கின்டாஷில் இணைமதியும் ஆகிய யூனிகோடு எழுத்துருக்கள் உள. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டு, ஒருவர் எழுதியது மற்றொருவர் பொறியிற் சிதைந்து தோன்றிய இடர், யூனிகோடில் எழுதுவார்க்கு இன்று இல்லை.

இந்நிலையில், பிறர் மதிப்பை வேண்டிக் கடன்பட்டு விலையுயர்ந்த பொறியை வாங்குதல் பெற்றோர் மேற் சுமையேற்றுவதாகும். ஆசிரியர்களும், சிறப்பு மென்பொருள் இன்றியமையாத பாடங்கள் ஒழிய, மாணாக்கர் தரும் கட்டுரைகளை எப்பொறியிலும் திறக்கக்கூடிய பீ.டி.எப். வடிவிற் கேட்பாராயின், பொறியின் பெயரால் எவரும் பின்தங்கார்.

பழைய மாணவர்களிடம் நமக்கொரு விண்ணப்பம் உண்டு. 14-10-2025 அன்று விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதனால் விண்டோஸ் 11-ஐ ஏற்கவியலாத நற்பொறிகள் பல, வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஒதுக்கப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் லினக்ஸை விலையின்றி நிறுவிப் படிப்புக்குப் பயன்படுத்தலாம். அவற்றுள் இருந்த சொந்த விவரங்களை முற்றும் அழித்துக் கல்லூரிக்கு அளிப்பின், பொறி வாங்க இயலா மாணாக்கர்க்கு அவை பேருதவியாகும். அவற்றைப் பெற்றுச் செப்பனிட்டு வழங்கும் பொறுப்பை மாணவர் சங்கத்தார் இவ்வாண்டே மேற்கொள்வாராக.